வீடு வரைக்கும் மூச்சு

வண்டி ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதுதான் சண்முகவடிவுக்குப் பிடிபடவில்லை. ஆம்புலன்ஸ் என்றால் ஊரைக் கூட்டிக்கொண்டு பறக்க வேண்டாமா. இது பெண் வீட்டுச் சீர் ஏற்றிய வேன் மாதிரி ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் மரியாதை செய்துகொண்டு போகிறது. சைரன் இல்லை. மேலே விளக்காவது சுழல்கிறதா என்று உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரிய வழியில்லை. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வாசலை விட்டுக் கிளம்பும்போது பதினொன்று பத்து. இப்போது பதினொன்று ஐம்பது, இன்னும் சேரன்மகாதேவியைத் தொடவில்லை. எதிரே ஸ்ட்ரெச்சரில் அவள் புருஷன் ஆவுடையப்பன். வாயில் குழாய், குழாயை நகராமல் பிடிக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி, குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் பை. அந்தப் பையை இருதயராஜ் என்கிற உதவியாள், ஐம்பது வயதிருக்கும், ஐந்து நொடிக்கு ஒருமுறை அமுக்கிக்கொண்டு வந்தார். அமுக்கினால் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் கொழுந்தன் கோமதிநாயகம். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, மெஷினை எடுத்தால் கொஞ்ச நேரம்தான், பையை அமுக்கிக்கொண்டே போனால் வீரவநல்லூர் வரைக்கும் தாங்கும், வீட்டில் வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் செய்வதுதான். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு நாலு வண்டி இப்படிப் போகிறது. ஆனால் காலையிலிருந்து அவளுக்குள் ஒரே ஒரு கேள்வி புழுவாகக் குடைந்துகொண்டிருந்தது. இவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா, இல்லை இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பிணத்துக்குக் காற்றடித்துக்கொண்டு போகிறார்களா.

சந்தேகம் ஒன்பது இருபதுக்கு ஆரம்பித்தது. அதுவரைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைக் கோமதிநாயகம் எழுப்பி, மதினி ஒரு வாய் சாப்ட்டுட்டு வந்துருங்க, அண்ணனை நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிக் கேன்டீனுக்கு அனுப்பினான். ஆறு நாளாகச் சாப்பிட்டாளா இல்லையா என்று கேட்காதவனுக்கு அன்றைக்கு மட்டும் என்ன அக்கறை. அவளும் போனாள். போனதுதான் தப்பு. இரண்டு இட்லியில் ஒன்றரையை வைத்துவிட்டுத் திரும்பும்போது மணி ஒன்பது நாற்பத்தைந்து. நாற்காலியில் கோமதிநாயகம் இல்லை. கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம், எக்ஸ்பயர்ட் ஃபாரத்தை எடுத்து வை என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், டீ ஆறுகிறது என்று சொல்கிற தொனியில். அப்போதுதான் கோமதிநாயகம் உள்ளேயிருந்து வந்தான். கண் சிவந்திருந்தது. மதினி, டாக்டர் கூப்பிடுதாவ என்றான். டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். இந்த இருபத்தைந்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பத்துப் படுக்கை இருக்கிற இடம், ஃபாரம் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அது அவளுக்கும் தெரியாதது இல்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பெண் முகத்தை வைத்தே பொய்யா நிஜமா என்று கண்டுபிடித்திருப்பாள். இருபத்தொன்பது வருஷம் டீச்சர் வேலை பார்த்தவளுக்கு, எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைப் பார்த்து எழுதியது என்று பேப்பரைப் புரட்டாமலே தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. கேட்டுத் தெரிந்துவிட்டால், அவர் போகிற நேரத்தில் அவள் தேங்காய்ச் சட்னியில் இட்லியைத் தொட்டுக்கொண்டிருந்தாள் என்பது முடிவாகிவிடும்.

எக்ஸ்பயர். அந்த வார்த்தையை அவளே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு, வினைச்சொற்கள், கரும்பலகையில் மூன்று வரி. மூச்சை வெளியே விடு. காலாவதியாகு. இற. மூன்றாவதைப் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருப்பார்கள், ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் போய்விட்டால் எக்ஸ்பயர் ஆயிட்டாவ என்றுதான் செய்தி வரும். செத்துப்போனார் என்று சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கு இங்கிலீஷ் பெரிய உபகாரம். இரண்டாவது மருந்துக்கடையில் தெரிந்துகொள்வார்கள். முதல் அர்த்தத்தைத்தான் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். டீச்சர், மூச்சு விட்டா உசுரோட இருக்கோம்னுதான அர்த்தம், அதுக்கும் சாவுக்கும் எப்படி ஒரே வார்த்தை என்று கடைசி பெஞ்சு பிள்ளை ஒன்று கேட்டது. அதற்கு அவள் சொன்ன பதில், புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எழுதிக்கோ. இன்னொரு பெண், முத்துலட்சுமியா பேச்சியம்மாளா, வாக்கியத்தில் அமைத்துக் காட்டுக என்றதற்கு, என் அப்பா ஒரு நிமிடத்தில் பதினைந்து முறை எக்ஸ்பயர் ஆகிறார் என்று எழுதிவைத்தது. அதை ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டிச் சிரித்து, சிவப்புப் பேனாவால் சுழித்தும் விட்டாள். இப்போது நினைத்தால் அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. இதோ ஒரு மனுஷன் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முறை அப்படித்தான் ஆகிறார். உள்ளே போகிற காற்று இருதயராஜின் கைக்காற்று, அதில் அவருக்குப் பங்கில்லை. வெளியே வருகிறதே, அது யாருடையது. பையை விட்டதும் நெஞ்சு தானாக அமுங்கினால் அதற்குப் பேர் மூச்சு விடுவதா. தலையணையை அமுக்கிவிட்டாலும்தான் காற்று வருகிறது. அவளுக்குத் தேவை ஒரே ஒரு மூச்சு, யாரும் உள்ளே தள்ளாமல் அவராக இழுத்து அவராக விட்ட ஒன்று. அதைப் பார்த்துவிட்டால் போதும், காலையில் தின்ற இட்லி செரித்துவிடும்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. காலைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. ஆனால் மூன்று நாளாகவே கால் ஜில்லென்றுதான் இருந்தது. கழுத்தில் விரல் வைத்தாள், வண்டியின் ஆட்டத்தில் அவள் நாடியே அவளுக்கு அடித்தது. குழாய் வாயில் உள்ளங்கையைக் காட்டினாள், வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, செத்து இரண்டு மணி நேரம் ஆனவருக்கும் உள்ளே சூடு இருக்கும்தானே என்று தோன்றிவிட்டது. சந்தேகத்தை அவள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை, அது தானாக வேலை பார்க்கும். உனக்கு முன்னால சாமியே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்ப என்று ஆவுடையப்பன் கேலி செய்வார். விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது, சிவப்பாக எண் காட்டும். அதைக் கிளம்பும்போது கழற்றிக்கொண்டார்கள். ஏன் என்றாள், அது வார்டு சாமான் என்றார்கள். நல்ல பதில். இந்த இருதயராஜும் ஏறியதிலிருந்து அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஜன்னலை, சிலிண்டரை, தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அவளை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை வருஷமாக இந்த வேலை என்று கேட்டதற்குப் பதினேழு என்றார். இப்படிப் போகும்போது வழியிலேயே முடிந்துபோனவர்கள் உண்டா என்றாள். உண்டு டீச்சர் என்றார். அப்போது என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அவர் பையை அமுக்கினார், விட்டார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும். செத்தவருக்கும் அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

எதற்காக இந்த அமுக்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். அவர்கள் தெருவில் வெளியே போன உயிருக்கு வீட்டுக்குள் இடம் கிடையாது. ஆஸ்பத்திரியில் போய்விட்டால் வாசலோடு சரி, பந்தலைப் போட்டு பெஞ்சில் கிடத்தி அங்கேயிருந்தே எடுத்துவிடுவார்கள். ஆவுடையப்பனின் கூட்டாளி ஒருத்தரை அப்படிச் சித்திரை வெயிலில் கிடத்தியிருந்தபோது, அவர் கட்டின வீட்டுக்குள்ள அவருக்கே அனுமதி இல்லையாக்கும் என்று ஆவுடையப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரே முப்பது வருஷம் நூற்பாலையில் பஞ்சுத் தூசியைக் குடித்து அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடுதான் இப்போது தம்பியும் அவருமாக இரண்டு பக்கமாக இருக்கிற வீடு. செவ்வாய்க்கிழமை குழாய் போட்ட பிறகு பேச முடியாமல் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதினார். முதலில் புரியவில்லை, மறுபடி எழுதச் சொன்னாள். வீடு. கொண்டுபோகிறேன் என்று சொன்னாள். என்ன ஆனாலும் மூச்சோடு கொண்டுபோகிறேன், பக்கத்திலேயே இருப்பேன் என்று சொன்னாள். இது அவளுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. கோமதிநாயகத்துக்கு இதில் என்ன லாபம் என்றுதான் அவள் யோசித்துக்கொண்டு வந்தாள். முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடி திறந்திருந்தது. அவன் போனில் பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது. ரேவதி பன்னெண்டு அம்பது வரைக்கும் இருக்குன்னா... பால்வண்ணம் மாமாகிட்ட... அடைப்பு ஆறு மாசமாமே... அதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்து மிச்சத்தை முழுங்கிவிட்டது. ஆனால் அதுவே அவளுக்கு ஏராளம். ரேவதி நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு, போன இடத்தை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும், வீட்டில் நல்ல காரியம் கூடாது. ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு ஐம்பதுக்கு மேல் அசுவினி, தொந்தரவில்லை. அப்படியானால் வண்டி ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு. காலையிலேயே போய்விட்ட அண்ணனை அசுவினி வருகிற வரைக்கும் ரோட்டில் வைத்து உலாத்துகிறான். சின்ன வயதில் அண்ணன் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன்தான், அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த வாட்ச்சைத்தான் இன்றைக்கும் கட்டியிருக்கிறான், அதைத்தான் இப்போது நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறான். அவளுக்கு அவன் பிடரியைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

சேரன்மகாதேவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பாள். வண்டி நின்றதும் கோமதிநாயகம் கதவைத் திறந்து இறங்கி ஓடினான். பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது, கேட்மேனிடம் போய்க் கையை ஆட்டி ஏதோ சொல்கிறான், வாட்ச்சைத் தட்டிக் காட்டுகிறான், கேட்மேன் தலையசைக்கிறார். ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. திறக்காதே என்று சொல்லத்தானே போனான். மணி பன்னிரண்டு பதினைந்து. அந்த நேரம் பார்த்து இருதயராஜ் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் முடியப்போகுது டீச்சர், அடுத்ததை மாட்டணும், ரெண்டு கையும் வேணும், ரெண்டு நிமிஷம் நீங்க அமுக்குங்க என்றார். அமுக்கி, மனசுக்குள் ஒன்று ரெண்டு மூன்று நான்கு எண்ணி, மறுபடி அமுக்க வேண்டும், அவ்வளவுதான். பை அவள் கைக்கு வந்தது. நினைத்ததைவிட மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. இருதயராஜ் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து சாவியால் திருகத் தொடங்கினார். அவள் அமுக்கினாள், நெஞ்சு ஏறியது. விட்டாள், இறங்கியது. இன்னொரு முறை. மூன்றாவது முறை அமுக்குவதற்கு முன் கை நின்றுவிட்டது. திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று பிற்பாடு அவள் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாள், ஆனால் எண்ணத் தொடங்கியது நன்றாக நினைவிருக்கிறது. வருகைப் பதிவு எடுக்கிற நிதானத்தில் எண்ணினாள். ஐந்து. ஆறு. நெஞ்சு அப்படியே கிடந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே, காலையிலேயே, அந்த ஃபாரம் இவருக்குத்தான், எல்லாரும் சேர்ந்து என்னை, ஏழு, எட்டு. ஒன்பதில் ஆவுடையப்பனின் கழுத்துக் குழி உள்ளே ஒடுங்கியது. விலா எலும்புகள் ஒருதரம் தெரிந்தன. யாரும் தள்ளாமல், யாரும் அமுக்காமல் அவராக இழுத்தார். பிறகு விட்டார். நீளமாக, குழாயில் லேசாகச் சத்தம் கேட்க, வேலைக்குப் போய் வந்து சட்டையைக் கழற்றும்போது விடுவாரே அந்த மாதிரி. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருக்கிறார். காலையிலும் இருந்திருக்கிறார், இட்லி தின்றபோதும் இருந்திருக்கிறார், கோமதிநாயகம் பொய் சொல்லவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு. ஆனால் பாழாய்ப்போன பழக்கம், சரியான பதில் சொன்ன பிள்ளையைக்கூட எங்கே, இன்னொரு முறை சொல்லு என்று நிற்க வைத்தே பழகியவள். ஒன்று போதவில்லை. இன்னொன்று விடட்டும், நிச்சயமாகத் தெரிந்துவிடும், பிறகு அமுக்கலாம் என்று காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ண மறந்துவிட்டாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பெரிய மூச்சுக்குப் பிறகு முகம் ரொம்ப அமைதியாகியிருந்தது, அது நல்லதுக்கு என்றுதான் நினைத்தாள். அவள் கைக்கு மேல் இன்னொரு கை வந்து அமுக்கியபோதுதான் விழித்தாள்.

இருதயராஜ் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவரே நாலைந்து முறை வேகமாக அமுக்கினார். கழுத்தில் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் வைத்திருந்தார். இமையை விலக்கிப் பார்த்தார். இரண்டாவது ரயில் போகிற சத்தத்தில் வண்டி அதிர்ந்தது. அது ஓய்ந்ததும் ஏறியதிலிருந்து முதல் முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பையின் மேல் திரும்ப வைத்தார்.

"அமுக்குங்க டீச்சர். வீட்டுக்குள்ள போற வரைக்கும் நிறுத்தாதீங்க."

கேட் திறந்தது. கோமதிநாயகம் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினான். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், இவர் கேட்மேன் காலில் விழாத குறைதான், ரெண்டாவது ரயிலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினார், கேட்மேன்தான் விதியைச் சொல்லி மாட்டேன் என்றுவிட்டார். இனி ரோடு நல்ல ரோடு, இதுவரைக்கும்தான் பள்ளம், குழாய் நகர்ந்துவிடும் என்று மெதுவாக ஓட்ட வேண்டியிருந்தது என்றும் சொன்னார். வண்டி வேகம் எடுத்தது. இப்போது சைரனும் போட்டார்கள். சண்முகவடிவு அமுக்கினாள், ஒன்று ரெண்டு மூன்று நான்கு, அமுக்கினாள். நெஞ்சு முன்போலவே ஏறியது, முன்போலவே இறங்கியது, பார்ப்பவர் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவளுக்கே தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒருவேளை இருக்கிறாரோ. இருதயராஜின் விரல் தப்பாகச் சொல்லியிருக்குமோ. இவரை நம்பலாமா. இல்லை, இனிமேல் சந்தேகப்படுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. கால் மணி நேரம். இன்னும் கால் மணி நேரம் சும்மா அமுக்கிக்கொண்டு வந்திருந்தால் அவர் எழுதிக் கேட்டது அவருக்குக் கிடைத்திருக்கும். அதுகூட நிச்சயமில்லை, அந்தப் பெரிய மூச்சு எப்படியும் வர இருந்த மூச்சாக இருக்கலாம், பை அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் பன்னிரண்டு பதினேழுக்கு அவர் கிளம்பியிருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். யாரிடம் கேட்டு உறுதி செய்வது. காலையிலிருந்து ஊரெல்லாம் சேர்ந்து செய்வதாக அவள் நினைத்த காரியத்தை இப்போது அவள் ஒருத்திதான் செய்துகொண்டிருந்தாள். கை வலித்தது. இருதயராஜ் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கை நீட்டினார். அவள் தரவில்லை. முன்னால் கோமதிநாயகம் கண்ணாடி வழியாக முகத்தை நுழைத்து, மதினி, அண்ணனுக்கு எப்படி இருக்கு என்றான். அவன் கண்ணில் அப்படி ஒரு பயம் இருந்தது. அப்படியேதான் இருக்காவ என்றாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்குத் தெருமுனை வந்தது. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்க, அவள் பையை அமுக்கிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து நிலைப்படியைத் தாண்டினாள். யாரும் தடுக்கவில்லை, எப்படித் தடுப்பார்கள், மூச்சோடு வருகிறவர் அல்லவா. நடு ஹாலில் அவர் கட்டிலைப் போட்டிருந்தார்கள். பால் கிண்ணத்தில் வந்தது. குழாய் இருந்ததால் ஒவ்வொருவரும் விரலால் தொட்டு உதட்டில் வைத்தார்கள். கோமதிநாயகத்தின் மகள் வைத்துவிட்டுப் பெரியப்பா என்றது, கிண்ணத்தை அடுத்தவர் கையில் கொடுத்தது. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். பால்வண்ணம் மாமா, வயதில் மூத்தவர், மடித்த பஞ்சாங்கத்தோடு ஓரமாக நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார், ரேவதி இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு, அதுவரைக்கும் அந்தப் பையை அமுக்கினா அசுவினி வந்துரும், அடைப்பு இல்லாமப் போகும். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கோமதிநாயகம் திரும்பினான். வழியெல்லாம் போன் போட்டு இதையேதான் சொல்லுதியோ மாமா, அப்பவே முடியாதுன்னுட்டேன், அண்ணனை நட்சத்திரத்துக்காக இம்சை பண்ணமாட்டேன், ஆறு மாசம் அடைக்கணும்னா அடைப்போம், பிள்ளைக்குத் தையில கல்யாணம் வச்சிக்கிடுவோம் என்றான்.  மாமா பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். லாரி முழுங்கிய மிச்சப் பேச்சு இதுதான்.

பிறகு அவன் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு அண்ணன் காதோடு வாயை வைத்தான். அண்ணே, வீட்டுக்கு வந்துட்டோம்ணே. உன் கட்டில்லதான் படுத்திருக்க. எல்லாரும் இருக்கோம், மதினி பக்கத்துலயே இருக்காவ. நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத, மதினிய நான் பாத்துக்கிடுதேன். எனக்கு நீ செஞ்சதுக்கு நான் ஒண்ணும் திருப்பிச் செய்யலண்ணே. அவன் சொல்லச் சொல்லச் சண்முகவடிவு அமுக்கினாள். ஒரு வார்த்தைக்கு ஒருமுறை நெஞ்சு ஏறி இறங்கியது, கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற மாதிரியே இருந்தது. அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, அவர் இல்லை தம்பி, ரயில்வே கேட்டிலேயே போயாச்சு, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. கை பையை அமுக்கியது. அவன் எழுந்து, நீங்க சொல்லுங்க மதினி, நீங்க சொன்னா நிறுத்திருவோம் என்றான். ஹாலில் இருபது பேர் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் இருதயராஜைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்றாள். பையிலிருந்து கையை எடுக்க வரவில்லை, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, இருதயராஜ்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு ஆவுடையப்பன் மார்பில் காது வைத்துக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், பன்னெண்டு நாப்பத்தொண்ணு என்று சொன்னார். பால்வண்ணம் மாமா ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

குழாயைக் கழற்றி, பிளாஸ்திரித் தடத்தைத் துடைத்து, தலையைத் தெற்கே திருப்பி, விளக்கேற்றி, ஆம்புலன்ஸும் போன பிறகு கோமதிநாயகம் அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான்.  ஆளைப் பார்த்தால் அறுபது வயது ஆள் மாதிரி இல்லை, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவளிடம் கேட்க வந்தவன் மாதிரி இருந்தான்.

"மதினி, நான் சொன்னது அண்ணனுக்குக் கேட்டிருக்குமா?"

அவள் அவனைப் பார்த்தாள். முகத்தை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறவளுக்குத் தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவன் அதை ஆராய்கிற ஆள் இல்லை. சொன்னால் நம்பிவிடுவான்.

"கேட்டுது தம்பி," என்றாள். "நீங்க சொல்லி முடிச்ச பொறவுதான் மூச்ச விட்டாவ."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, பந்தல்காரனுக்கு இடம் காட்ட எழுந்து வெளியே போனான்.